புள்ளிக்கு விடும் இடம்

திருநெல்வேலி சந்திப்பில், ஈரடுக்கு மேம்பாலத்தின் தூண் ஒன்றில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி நெடுநாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. மறைந்த மூதாட்டியின் படம் தெளிவாக இருந்தது. தாளும் அச்சும் பழுதற்றவை. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்த பெயர் மட்டும் உடைந்து கிடந்தது. உண்மைப் பெயரை இங்கே சொல்ல வேண்டாம்; கோமதி அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு ககரம் தனியே நின்றது. அதற்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக்கொம்பு, ககரத்தைத் தாண்டிப் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகவரி வரியில் திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயரும் தப்பவில்லை: ரு என்ற எழுத்து ரகரமாகவும் அருகில் தொங்கும் ஒரு வளைவாகவும் பிரிந்திருந்தது, வேலியின் கொம்பு வகரத்தை விட்டு லிகரத்தின் முன்னால் நின்றது. அம்மாள் என்ற சொல்லில் கொம்பு இல்லாததால் அது மட்டும் முழுமையாக வந்திருந்தது. காலையில் சொல்லி, நண்பகலுக்குள் ஒட்டப்படும் சுவரொட்டி அது. துக்க வீட்டில் இருப்பவர்கள் எழுத்தைச் சரிபார்க்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். கடையில் இருப்பவருக்கோ அடுத்த வேலை காத்திருக்கும். ஒருவருடைய பெயர் ஊரார் கண்முன் கடைசியாக எழுதப்படும்போது அது முழுதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் இளைஞர்களுக்குப் படத்தொகுப்பு மென்பொருள்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பதால், அந்தச் சுவரொட்டியை அடுத்தவர் குறை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். எழுத்துக் கருவியைத் தேர்ந்தெடு, சொல்லை அடி, நிறம் கொடு, நிழல் விழச்செய், விளிம்பு போடு, தங்கம் போல மின்னச்செய். ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் இந்த வழியில்தான் போகின்றன. ஆங்கிலத்தில் அது சரியாகவே இருக்கும். ஏனென்றால் அங்கே அடித்த எழுத்து அடித்த வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தமிழில் ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் உறுப்புகள் உண்டு. அந்த உறுப்புகள் உரிய இடத்தில் இருக்கின்றனவா, அவை இருப்பதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் நிழலையும் மினுமினுப்பையும் கற்றுக்கொடுப்பது முறையன்று என்பதே இப்போது என் கருத்து. அந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும், தொடங்குபவர்கள் கையில் அது எப்படிப் பயன்படும் என்பதையும் எழுதிப் பார்க்கிறேன்.

கொம்பு ஏன் இடம் மாறுகிறது

சுவரொட்டியில் நேர்ந்ததை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர் அச்சகங்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பாமினி போன்ற எழுத்துருவில் கோமதி என்று அடித்தால், திரையில் தமிழ் தெரியுமே தவிர, கணினிக்குள் பதிவாவது என், எஃப், எச், கே, ஜே, பி என்ற ஆறு ஆங்கில எழுத்துகள்தாம். அந்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்துக்குப் பதிலாக இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால், மகரம், தகரம், இகரத்துக்குரிய மேல்விலங்கு ஆகியவற்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முதலில், ககரத்தைப் பிறகு என்று அடிப்பதால், போட்டோஷாப் 7 போன்ற பழைய பதிப்பு அதை ஆங்கிலமாகவே எண்ணிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் காட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் அப்படியே வேலை நடந்தது.

கைப்பேசி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. வாடிக்கையாளர் பெயர், ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார். அது எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்கிறது. யூனிகோடில் எழுத்து சேமிக்கப்படும் முறையே வேறு: ககரம் முதலில், ஓகாரக் குறி அதற்குப் பின்னால். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது, எழுத்துருவின் உதவியோடு மென்பொருள் செய்ய வேண்டிய வேலை. ரகரத்தோடு உகரக் குறி சேர்ந்தால் ரு என்ற ஒரே வடிவத்தை எடுத்துப் போடுவதும் அப்படியே. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில், அல்லது செய்யும்படி அமைக்கப்படாத மென்பொருளில், வாட்ஸப்பிலிருந்து எடுத்து ஒட்டிய பெயர் சேமிப்பு வரிசையிலேயே கொட்டிவிடும். ககரம் முதலில் நிற்கும், கொம்பு பின்னால் நிற்கும். தூணில் நான் பார்த்தது இதைத்தான். அதில் தட்டச்சுப் பிழை ஏதும் இல்லை. அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருப்பார்.

போட்டோஷாப்பின் சிசி வரிசையில், சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளில் இதற்கு வழி இருக்கிறது. எடிட் பட்டியலில் பிரிஃபரன்சஸ் என்பதற்குள் டைப் என்ற பகுதியைத் திறந்தால், எந்த எழுத்துப் பொறி வேண்டும் என்று கேட்டிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு அதன் பெயர் சற்று மாறும். சிலவற்றில் மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன் என்றும், பிந்தியவற்றில் வேர்ல்ட்-ரெடி என்றும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கோப்பை மூடித் திறக்க வேண்டும். அப்போதும் பழைய எழுத்து லேயர், அதாவது எழுத்து இருக்கும் அடுக்கு, தானாகத் திருந்தாது. அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையின் மூலையில் உள்ள சிறு பட்டியலில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதையும் குறிக்க வேண்டும். பலர் முதற்படியைச் செய்துவிட்டு, ‘மாற்றியும் வரவில்லை’ என்று திரும்பப் பழைய எழுத்துருவுக்கே போய்விடுவது இந்த இரண்டாம் படி தெரியாததால்தான். கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளிலும் இங்க்ஸ்கேப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துறுப்புகளை உரிய இடத்தில் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற பொறியை அவை பயன்படுத்துவதால், யூனிகோடு எழுத்துரு இருந்தாலே கொம்பும் காலும் தம் இடத்துக்கு வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களை நான் கிம்ப்பில் தொடங்கச் சொல்வதற்கு விலை ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

எழுத்துரு கிடைக்கவில்லை என்ற குறையும் இப்போது இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், மீரா இனிமை, கவிவாணர் என்று திறந்த உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களே ஒரு கடையின் அன்றாடத் தேவைக்குப் போதும். கடையிலிருந்து கடைக்குப் பென் டிரைவில் போகும் உரிமமற்ற தொகுப்புகளை நம்பியிருக்கும் தேவை எனக்குத் தெரிந்தவரை எவருக்கும் இல்லை.

நான்கு கோடுகள்

இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன். அமைப்பை மாற்றினால் எழுத்து சேர்ந்துவிடும். பிறகு மற்ற பாடங்களுக்குப் போகலாம். அந்த எண்ணத்தை மாற்றியது வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் கண்ட காட்சி. என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் அங்கே வடிவமைப்பு வேலை பார்க்கிறார். கொடை விழாக் காலம். அம்மன் கோவில் ஒன்றுக்குப் பத்தடிக்கு ஆறடியில் வரவேற்பு பிளெக்ஸ் செய்துகொண்டிருந்தார். எழுத்துகள் எல்லாம் முழுமையாகச் சேர்ந்திருந்தன. ‘அருள்மிகு’ என்பது மேல் வரி, ‘முப்பிடாதி அம்மன்’ என்பது கீழ் வரி. இரண்டும் நடுவில் குவிந்து, இடத்தை நிறைத்துக்கொண்டு, மஞ்சள் எழுத்து, சிவப்பு விளிம்பு, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு என்று திரையில் பளிச்சென்று இருந்தன. கடைக்காரரின் பெரியப்பா, ஒருகாலத்தில் தூரிகையால் கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதியவர், பின்னால் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

“எல தம்பி, மானாவுக்கு மேல புள்ளி எங்கடே?” என்று கேட்டார்.

இளைஞர் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். “இருக்குல்லா அண்ணாச்சி, இந்தா.”

“இருக்கு, சரி. மேல் வரி கூனாவோட வளைவுல போய் முட்டிக்கிட்டு நிக்கி. ரோட்டுல போறவனுக்கு அது புள்ளியாத் தெரியாதுடே, கூனாவுக்கு வால் மொளைச்ச மாதிரில்லா தெரியும்.”

அவர் சொன்னபடியே இருந்தது. அருள்மிகுவின் கு கீழே வளையும் இடத்துக்கு நேர்கீழே அம்மனின் ம் வந்திருந்தது. இரண்டின் விளிம்புகளும் ஒன்றோடொன்று கலந்து, புள்ளி தனி உறுப்பாக இல்லாமல் மேல் எழுத்தின் தொடர்ச்சியாகிவிட்டது. மேசையில் கிடந்த ரசீதுத் தாளின் பின்பக்கத்தை எடுத்து அண்ணாச்சி நான்கு கோடுகள் போட்டார். நடுவில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் எழுத்தின் உடம்பு. மேலே உள்ள இடைவெளி புள்ளிக்கும் மேல்விலங்குக்கும். கீழே உள்ள இடைவெளி உகர வளைவுக்கும் ழகர, றகரங்களின் இறக்கத்துக்கும். சுவரில் எழுதும்போது நூலடித்து இந்த நான்கையும் போட்ட பிறகே தூரிகையைத் தொடுவாராம். இரண்டாவது வரிக்கான கோடுகளை முதல் வரியின் நாலாம் கோட்டுக்கும் கீழே, விரலளவு தள்ளித்தான் தொடங்குவாராம். எழுத்தின் உயரம் என்றால் அவருக்கு நான்கு கோடுகளின் உயரம். நடுவில் உள்ள உடம்பின் உயரம் அன்று.

மென்பொருளில் அந்த நான்கு கோடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரிக்கும் வரிக்கும் இடையே உள்ள தொலைவை லெடிங் என்ற ஒற்றை எண்ணாகக் கேரக்டர் பலகையில் காட்டுகிறார்கள். ஆட்டோ என்று விட்டால் போட்டோஷாப் அதை எழுத்தளவில் 120 விழுக்காடாக வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் ஏறக்குறையப் பாதி நடு உடம்புக்குள்ளேயே அடங்கிவிடும். மீதி பெரும்பாலும் மேலோ கீழோ ஒரு பக்கம் மட்டும் நீள்பவை. தமிழில் ஒரு சாதாரணப் பெயர்ப்பலகையை எடுத்துப் பாருங்கள்: புள்ளி இல்லாத சொல்லோ விலங்கு இல்லாத சொல்லோ அரிது. ஆகவே அந்த 120 நமக்குப் போதாது. 140-லிருந்து 150 வரை கொடுத்தால்தான் வரிகள் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கும். எழுத்துருவைப் பொறுத்து இது கூடும், குறையும். உறுதியான எண் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த பிளெக்ஸில் எழுத்தளவு 600 பாயிண்ட், லெடிங் 560 என்று இருந்தது. இடத்தை நிறைக்க வேண்டும் என்பதற்காக ஆட்டோவையும் விடக் குறைத்திருந்தார்கள். எழுத்தளவை 480 ஆக்கி, லெடிங்கை 700 ஆக்கச் சொன்னேன். இரண்டு வரியும் சேர்ந்து பிடிக்கும் உயரம் கிட்டத்தட்ட முன்பிருந்த அளவேதான். இளைஞருக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் கோவில் நிர்வாகத்தார் சண்டைக்கு வருவார்கள் என்றார். அவர் அச்சம் நியாயமானது, பெரிய எழுத்து என்பது நம் பக்கத்தில் மரியாதையின் அளவு. பழையதையும் புதியதையும் தாளில் எடுத்து, சாலையின் எதிர்ப்புறச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் செய்தார் அண்ணாச்சி. கடை வாசலில் நின்று பார்த்தோம். பெரிய எழுத்துத் தாளில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு திரள் தெரிந்தது, சொல் தெரியவில்லை. சிறிய எழுத்துத் தாளில் முப்பிடாதி அம்மன் என்று ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தன. எட்டத்திலிருந்து படிக்க வைப்பது எழுத்தின் பருமன் என்று நம்பியிருந்த அந்த இளைஞர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கோப்பைத் திருத்தினார். எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் எழுத்தின் பகுதிதான் என்பதை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். தமிழில் அந்த வெற்றிடம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கூடுதலாக வேண்டும் என்பதை இவ்வளவு துலக்கமாக எனக்குக் காட்டியது அந்த ரசீதுத் தாள்தான்.

தடிப்பும் இழுப்பும்

இடத்தை இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, தொடங்குபவர்கள் கைக்கு எளிதில் வரும் பொத்தான்கள் பலவும் தமிழ் எழுத்தின் உள்ளிடத்தையும் வெளியிடத்தையும் தின்பவை என்பது விளங்கியது. கேரக்டர் பலகையின் அடியில் தடித்த டி போன்ற ஒரு குறி இருக்கும். அதற்கு ஃபோ போல்டு என்று பெயர், அதாவது பொய்த் தடிப்பு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது, இருக்கும் கோட்டையே எல்லாப் பக்கமும் வீங்க வைத்துவிடும். வெளியே வீங்குவது போலவே உள்ளேயும் வீங்கும். ணகரத்தின் சுழிகள், ஞகரத்தின் உள்வளைவு, றகரத்தின் இடுக்கு ஆகியவை முதலில் அடைபடும். அடுத்தது புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள மெல்லிய இடைவெளி. மெய்யெழுத்தை அடையாளப்படுத்துவதே அந்த இடைவெளிதான்; அது மூடிக்கொண்டால் கண்ணன் என்பதில் எங்கே மெய், எங்கே உயிர்மெய் என்று கண் தேட வேண்டியிருக்கும்.

உண்மையான தடிப்பு வேண்டுமென்றால், தடிப்புகளைத் தனித்தனியாக வரைந்து வைத்த எழுத்துருவை எடுக்க வேண்டும். கட்டமரானிலும் நோட்டோ சான்ஸ் தமிழிலும் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் உள்ளன. அவற்றில் தடித்த வடிவத்தை வரைந்தவர்கள், கோடு தடிக்கும் அளவுக்குச் சுழியைத் திறந்து, புள்ளியைச் சற்றே தள்ளி வைத்திருப்பார்கள். ஒரே சொல்லை ஒருமுறை பொய்த் தடிப்பிலும் ஒருமுறை உண்மைத் தடிப்பிலும் அடித்து, 400 விழுக்காடு பெரிதாக்கி, ணகரத்தை மட்டும் பாருங்கள். பிறகு அந்தப் பொத்தானைத் தொட மனம் வராது.

அடுத்தது இழுப்பு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பூப்புனித நீராட்டு விழா என்பதை ஒரே வரியில் அடக்க வேண்டும் என்றால், கன்ட்ரோலையும் டி-யையும் அழுத்திப் பக்கவாட்டில் நெருக்கிவிடுவது நம் கடைகளில் வழக்கம். அப்படி நெருக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிந்து, கிடக்கும் கோடுகள் அதே பருமனில் இருந்துவிடும். எழுத்தின் நடை கெட்டுப்போகிறது. அகலம் போதவில்லை என்றால் வரியை உடைக்கலாம்: ‘பூப்புனித’ ஒரு வரி, ‘நீராட்டு விழா’ மறு வரி. உடைக்க இயலாது என்றால், குறுகலான வடிவத்தைத் தனியே கொண்ட எழுத்துருவுக்குப் போகலாம். அனேக் தமிழ் அதற்கு ஏற்றது. தடிப்போடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கும் வகையில் அதை வடிவமைத்திருக்கிறார்கள். நெருக்கிய சொல்லும் குறுகலாக வரையப்பட்ட சொல்லும் தூரத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். அருகில் வந்தால் முன்னதன் விலங்குகள் சப்பிக் கிடப்பதும், பின்னதன் விலங்குகள் வளைவு குன்றாமல் இருப்பதும் தெரியும்.

டிராக்கிங் எனப்படும் எழுத்திடைவெளியைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத் தலைப்புகளை எட்ட எட்ட வைத்து எழுதும் பாணி திருமண அழைப்பிதழ்களில் பரவியிருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழிலும் அதே எண்ணைக் கொடுக்கிறார்கள். மென்பொருளுக்குத் துணைக்கால் ஒரு தனி வடிவம். ஆகவே அதையும் ககரத்திலிருந்து தள்ளி நிறுத்திவிடும். தனித்து நின்ற துணைக்கால் ரகரத்துக்கு மிக நெருங்கிய வடிவம். காலம் என்பது கரலம் என்று படிக்கப்படும், மாலை என்பது மரலை ஆகும். ஓலைச்சுவடிக் காலத்தில் இந்த இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் படிப்பவர்கள் பட்ட பாட்டை நீக்கிக்கொண்டு வந்த பிறகு, அதே குழப்பத்தை அழகு என்று நினைத்துக் கொண்டுவருவது எனக்கு வருத்தமளிக்கிறது. டிராக்கிங்கைச் சுழியத்தில் விட்டுவிடுவதே நல்லது. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில் உள்ள தொலைவைச் சொல்லும் கெர்னிங் பட்டியலிலும் ஆப்டிகல் என்பதை விட்டு, எழுத்துருவை வரைந்தவர் கொடுத்த அளவை மதிக்கும் மெட்ரிக்ஸ் என்பதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

விளிம்பு போடுவதை நான் தடுப்பதில்லை. வண்ணப் படத்தின் மேல் எழுத்து வைக்கும்போது அது தேவைப்படும். ஸ்ட்ரோக் அமைப்பில் விளிம்பு வெளியே வளர வேண்டுமா, உள்ளே வளர வேண்டுமா, நடுவில் வேண்டுமா என்று கேட்கும் இடம் இருக்கிறது. உள்ளே என்றால் எழுத்தின் கோட்டையே அது தின்னும். வெளியே என்றால் புள்ளியின் இடைவெளியைத் தின்னும். வெளியே என்று வைத்து, புள்ளி முழுமையாகப் பிரிந்து தெரியும் மட்டுக்கு அளவைக் குறைத்து நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று விளிம்புகளை அடுக்கும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டால்

படிப்பவர்களுக்குப் பயிற்சியாக இப்போது நான் கொடுப்பது கோவில் கொடை நோட்டீஸ். திருநெல்வேலிச் சீமையில் அதைவிட நிறைந்த பயிற்சி கிடைக்காது. அம்மன் பெயர், நாள், இடம், கால் நாட்டு, குடி அழைப்பு, மாக்காப்பு, வில்லிசை, கணியான் கூத்து, மதியக்கொடை, சாமக்கொடை, அன்னதானம், பிறகு கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பெயர்கள் என்று ஒரே தாளில் எல்லாம் வந்தாக வேண்டும். எதைப் பெரிதாகப் போடுவது என்ற கேள்விக்கு எல்லாவற்றையும் என்று விடை சொன்னால் எதுவுமே தெரியாமல் போகும். வெளியூரில் இருந்து வருபவர் முதலில் தேடுவது எந்தக் கோவில், எந்த நாள் என்பவற்றையே; ஆகவே அவை இரண்டும் மிகப் பெரிய அளவு. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது நடு அளவு. பெயர்கள் சிறிய அளவு. ஆனால் கண்ணாடி போட்ட பெரியவர் தம் பெயரைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் குறையாமல். மூன்று அளவு, ஒரு எழுத்துரு, இரண்டு தடிப்பு. இதற்குள் முடித்துக் காட்டுங்கள் என்கிறேன். நேரங்களை ஒரு பத்தியாகவும் நிகழ்ச்சிகளை மறு பத்தியாகவும் இடப்பக்கம் நேர்செய்துவிட்டால், நடுவில் குவித்து எழுதும் பழக்கம் தானாகவே தளர்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் தொலைபேசி எண்களும் தமிழுக்குப் பக்கத்தில் உருவத்தில் மிஞ்சி நிற்பதால், அவற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கிறேன்.

பெயர்ப் பட்டியலைப் படத்தொகுப்பு மென்பொருளில் வைக்கவே கூடாது என்பது என் நெடுநாள் கருத்து. ஜேபெக் ஆக்கிச் சிவகாசிக்கு அனுப்பினால், எட்டுப் பாயிண்ட் எழுத்தும் புள்ளிகளால் ஆன படமாகிவிடும். கறுப்பு எழுத்து நான்கு வண்ண மைகளின் கலவையாகவும் பிரிந்துவிடும். அச்சில் நான்கு தகடுகளில் ஒன்று இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் செந்நீல நிழல் தட்டும். ஸ்ரீ போன்ற எழுத்து அடையாளமே தெரியாமல் போகும். பின்னணிப் படத்தை மட்டும் அங்குலத்துக்கு 300 பிக்சல் அடர்த்தியில் இங்கே செய்துகொண்டு, பட்டியலை இங்க்ஸ்கேப்பிலோ பக்க அமைப்பு மென்பொருளிலோ வைத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். சிறிய எழுத்து தூய கறுப்பு ஒரே மையில் அச்சாகிறதா என்பதை அச்சகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பிளெக்ஸுக்கு இத்தனை அடர்த்தி தேவையில்லை. எட்டத்தில் நின்று பார்ப்பதற்கானது ஆதலால், பத்தடி அகலத்துக்கு அங்குலத்துக்கு 72 என்று 8640 பிக்சல் போதும். வாட்ஸப்பில் சுற்றுக்கு விடும் அழைப்பைப் பிஎன்ஜி ஆகச் சேமித்து, படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருக்கத்தில் எழுத்தோரங்கள் கலங்காமல் போய்ச் சேரும்.

எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வரியை அடித்துப் பார்க்கும்படி என் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்: கோ, நெ, வை, ரு, கூ, ணீ, ழு, ஞ், ஸ்ரீ. கொம்புகள் முன்னால் நிற்கின்றனவா, ரு ஒன்றாக இருக்கிறதா, புள்ளி எழுத்தை விட்டு விலகித் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே வரியைக் கீழே ஒருமுறை நகலெடுத்து, ழு-வின் அடியும் ணீ-யின் தலையும் முட்டாத அளவுக்கு லெடிங்கைக் கூட்ட வேண்டும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அந்த எழுத்துருவுக்கு அது என்றும் உதவும். நிழல் விழச்செய்வது அதற்குப் பிறகு. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல் எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு நிழல் போட முடிவதால், நிழலின் தொலைவைப் புள்ளியின் குறுக்களவுக்கு மிஞ்சாமல் வைத்துப் பார்த்து, மிஞ்சினால் குறைத்துக்கொள்ளலாம்.